இரண்டு கண்களுக்கு நடுவே ஒரு நோன்பு மாதம்

வருகிற திங்கட்கிழமை முதல், கண்ணைப் பரிசோதிக்கிற அந்தச் சுழல் நாற்காலியில் உங்களில் யாரோ ஒருவர் உட்காரப் போகிறீர்கள். நான் ஓய்வு பெற்றுப் போகிற வயதுக்காரன் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம், சுங்கை பாக்காப்பில் புதிதாகத் திறந்திருக்கும் நம் கண் மருத்துவமனைக் கிளைக்கு மாறிப் போகிறேன், அவ்வளவுதான். "போறவன் சும்மா போகாதே, புதுசா வந்த பிள்ளைங்களுக்கு ஏதாவது சொல்லிட்டுப் போ" என்றார் பெரிய டாக்டர். எழுந்து நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

என் அப்பா பைராம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் ஓர் இடத்தில் இது தேவைப்படும். கருவிகளைக் கையாள்வது பற்றி நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. என்னைவிடப் புதிதாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் சொல்லப் போவது தேதியைப் பற்றி.

இரண்டு கண்ணிலும் புரை விழுந்தவர்கள்தான் நம்மிடம் அதிகம் வருகிறார்கள். வந்தவுடன் வீட்டுக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, "ஒரேயடியா ரெண்டையும் முடிச்சிட முடியாதா தம்பி? லீவு கெடைக்கலைலா." சில இடங்களில், சிலருக்கு, ஒரே நாளில் செய்வதும் உண்டு. நம்மிடத்தில் பெரும்பாலும் இல்லை. காரணம் எளிது. ஒரு கண்ணில் எதிர்பாராமல் கிருமி புகுந்துவிட்டால் மற்றக் கண் கைவசம் இருக்க வேண்டும். அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப் போடவும் கூடாது. ஒரு கண் புதிது, ஒரு கண் பழையது என்று நடமாடுகிற மனிதர் படியில் கால் வைக்கும்போது படி அங்கே இருக்காது. அவசரத்துக்கும் தாமதத்துக்கும் நடுவில் ஒரு நாளைப் பிடிக்க வேண்டும். அந்த நாளை டாக்டர்தான் முடிவு செய்வார். ஆனால் அவர் முடிவு செய்யத் தேவையான பாதி விஷயம் நம் நாற்காலியில்தான் வெளியே வரும். அது வராமல் போகப் பார்த்த ஒரு கதை இது.

மைதீன் பாய் என்று ஒருவர். ஜார்ஜ் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் தலைமைச் சமையல்காரர். நோன்பு மாதம் வந்துவிட்டால் கடையை உதவியாளர்களிடம் விட்டுவிட்டுப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சப் போய்விடுவார். அண்டா அண்டாவாகக் காய்ச்சுகிற கஞ்சி. மாலையில் பாத்திரத்தோடு வரிசை நிற்கும். இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. காய்ச்சுகிறவரும் நோன்பாளி. சமைக்கிறவர் நாக்கு நுனியில் வைத்து உப்புப் பார்த்துத் துப்பிவிட்டால் குற்றமில்லை என்று சொல்வார்களாம். பாய் அதையும் செய்ய மாட்டார். நிறத்தைப் பார்ப்பார், கொதியைப் பார்ப்பார், கரண்டியிலிருந்து கஞ்சி வழிகிற விதத்தைப் பார்ப்பார்.

"நோன்புல எனக்கு நாக்கு கெடையாது தம்பி. கண்ணுதான் நாக்கு" என்று முதல் நாளே என்னிடம் சொன்னார்.

இரண்டு கண்ணிலும் புரை. போதாததற்குச் சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. போட்டிருந்த கண்ணாடி அவ்வளவு தடிமன். இடது கண் அதிகம் மங்கியிருந்தது. அதனால் இடது முதலில். நோன்பு தொடங்குவதற்கு முன்பே அறுவை நடந்தது, நன்றாகவே நடந்தது. மறுநாள் பரிசோதனையில் குறை இல்லை. அடுத்த பரிசோதனையிலும் இல்லை. வலது கண்ணுக்கு நோன்பு மாதத்தின் நடுவில் தேதி குறித்தோம். கூட வந்த மகள் நஸீமா, பாயான் லெப்பாஸ் என்கிற ஊரில் தொழிற்சாலை வேலை பார்ப்பவர். அவரும் சரி என்றார், பாயும் சரி என்றார். தொழும்போது தலையைத் தரையில் வைக்கக் கூடாது, கொஞ்ச நாளைக்கு நாற்காலியில் உட்கார்ந்து தொழுங்கள் என்று சொன்னோம். அதையும் கேட்டுக்கொண்டார். சொட்டு மருந்து நான்கு வேளை என்றோம். அடுப்புப் பக்கம் போகாதீர்கள் என்றோம்.

இடைவெளியில் வருகிற சிக்கல் அவருக்கும் வந்தது. இடது கண்ணுக்கு இனிக் கண்ணாடி தேவையில்லை. வலது கண்ணுக்குப் பழைய கண்ணாடி இல்லாமல் முடியாது. கண்ணாடியின் இடது பக்க வில்லையை மட்டும் கழற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தார். ஒரே கரண்டி ஒரு கண்ணில் பெரிதாகவும் மறு கண்ணில் சிறிதாகவும் தெரிந்து தலை சுற்றியது. கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார். நோன்பு தொடங்குவதற்கு முந்தைய பரிசோதனையில் என்னிடம் அவர் சொன்ன புகார் வேறு.

"மஞ்சள் தூள வச்சு ஒரு பிரச்சினை தம்பி. புதுக் கண்ணுல பாத்தா மஞ்சள் கம்மி. பழைய கண்ணுல பாத்தா கூட. நான் எந்தக் கண்ணுப்படி போடுறது?"

"ரெண்டாவதும் முடிஞ்சுட்டா ஒரே கணக்குக்கு வந்துடும் பாய்" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

நோன்பு தொடங்கிச் சில நாட்கள் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் முன்பதிவு இல்லாமல் இருவரும் வந்து நின்றார்கள். பாயின் இடது கண் சிவந்து கிடந்தது. வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கையால் மறைத்துக்கொண்டிருந்தார். எழுத்துப் பலகையில் போன முறை எளிதாகப் படித்த வரிகளை அன்று தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "தெரியல தம்பி" என்று விட்டுவிட்டார். புரையை எடுத்த கண்ணில் சிவப்பு, கூச்சம், பார்வைக் குறைவு மூன்றும் சேர்ந்து வந்தால் அன்று வேறு வேலையைப் பார்க்காதீர்கள். உள்ளே கிருமி புகுந்திருந்தால் கண்ணே போய்விடும். நான் ஓடிப் போய் டாக்டரைக் கூப்பிட்டேன்.

டாக்டர் வெகுநேரம் கருவி வழியாகப் பார்த்தார். கண்ணுக்குள் சீழ் தேங்கவில்லை. வலியும் அதிகமில்லை என்றார் பாய். ஆனால் வீக்கம் உள்ளே நன்றாகவே இருந்தது.

"அடுப்புப் பக்கம் போனீங்களா பாய்?"

"போகல டாக்டரம்மா. தள்ளித்தான் நின்னேன்."

"அத்தா, நோன்பு வச்சுக்கிட்டு பொய் பேசாதீங்க" என்றார் நஸீமா. "டாக்டர், மோட்டார் ஹெல்மெட்ட மாட்டி கண்ணாடிய இறக்கி விட்டுக்கிட்டு அண்டா பக்கத்துலயே நிக்கிறாரு. கஞ்சிக்கும் போலீஸ் காவல் போட்டுட்டாங்களான்னு பசங்கெல்லாம் கேலி பண்றாங்க."

"ஆவி படக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? படலையே!"

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. புகையும் ஆவியும் கொஞ்சம் எரிச்சல் கொடுக்கலாம், ஆனால் உள்ளே இவ்வளவு வீக்கம் வர அது போதாது என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "மருந்து ஒழுங்கா போட்டும் இப்படி வீங்கியிருந்தா கிருமின்னு எடுத்துக்கிட்டு இன்னிக்கே உள்ளே ஊசி போட்டாகணும். வலது கண்ணோட தேதியையும் மறந்துட வேண்டியதுதான்." பிறகு நஸீமாவிடம், "மருந்து நாலு வேளையும் விடாம போடுறாரா?" என்று கேட்டார்.

"நான்தான் போட்டு விடுறேன் டாக்டர். ஒரு வேளை விட்டதில்ல."

அந்தப் பதிலில் பொய் இல்லை. அது முகத்திலேயே தெரிந்தது. ஊசிக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார்.

இங்கேதான் எங்கள் வீட்டுக் கதை தேவைப்படுகிறது. எங்கள் வீட்டில், வெள்ளைக் கோட்டு போட்டவர் எது கேட்டாலும் "ஆமாங்க" என்றுதான் பதில் வரும். மாத்திரை சாப்பிட்டீங்களா, ஆமாங்க. புரிஞ்சுதா, ஆமாங்க. மரியாதைக்காகச் சொல்கிற ஆமாம் அது. அதையே கேட்டு வளர்ந்ததால், ஆமாம் என்று பதில் சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்வி எதுவும் எனக்கு முழுத் திருப்தியைத் தராது. நடந்ததைக் கதையாகச் சொல்லச் சொல்லுவேன். அன்றும் பழக்கத்தில்தான் கேட்டேன்.

"அக்கா, இன்னிக்கு காலைல எழுந்ததுலேர்ந்து என்னென்ன பண்ணீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"என்ன பண்றது, விடியறதுக்கு முன்ன சஹருக்கு எழுந்து சாப்பிட வச்சேன். சாப்பிட்டு முடிச்சதும் சொட்டு போட்டேன். அத்தா பள்ளிவாசலுக்குப் போனாரு. நான் வேலைக்குக் கெளம்பினேன். அப்புறம் கண்ணு சிவந்திருக்குன்னு போன் வந்துச்சு, லீவு சொல்லிட்டு வந்துட்டேன்."

"அடுத்த சொட்டு எப்ப?"

"நோன்பு தொறந்ததும்."

"நடுவுல?"

"நடுவுல எப்படிப் போடுறது? நோன்புலா." அவரே விரல் விட்டு எண்ணிக் காட்டினார். "தொறந்ததும் ஒண்ணு. ராத்திரி தராவீஹ் தொழுதுட்டு வந்ததும் ஒண்ணு. படுக்கும்போது ஒண்ணு. சஹருக்கு ஒண்ணு. நாலு வேளை. சரிதானே?"

நாலு வேளை சரிதான். நாலும் இரவில். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அந்தக் கண் மருந்தே இல்லாமல் கிடந்திருக்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நோன்பு தொடங்கியதிலிருந்து.

ஓடிப் போய் டாக்டரிடம் சொன்னேன். கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தார்.

"பாய், கண்ணுல போடுற மருந்து நோன்ப முறிக்காது. உங்க இமாமையே வேணும்னா கேளுங்க."

"கேட்டுட்டேன் டாக்டரம்மா. முறிக்காதுன்னுதான் சொன்னாரு."

"அப்புறம் என்ன?"

பாய் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "தொண்டையில கசக்குதே" என்றார். "இமாம் சொன்னது காதுல கேக்குது. கசப்பு தொண்டைக்குள்ள எறங்குது. உப்புகூடப் பாக்காம வைக்கிற நோன்பு டாக்டரம்மா. பகல்ல ஒரு கசப்ப முழுங்கிட்டு நான் எப்படி நிம்மதியா தொழுறது?"

டாக்டர் நாற்காலியை இழுத்து அவர் எதிரே உட்கார்ந்தார். அவசரத்தில் இருக்கும்போது டாக்டர் உட்கார மாட்டார். உட்கார்ந்தால் அது பெரிய விஷயம் என்று தெரிந்துகொள்ளுங்கள். இது மருந்துக் குறையால் வந்த வீக்கமாக இருக்கலாம், கிருமியாகவும் இருக்கலாம், இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பொழுது சாயும் வரை இங்கேயே உட்கார வேண்டும், மணிக்கு ஒரு சொட்டு போட்டுப் பார்க்க வேண்டும். அடங்கத் தொடங்கினால் ஊசி வேண்டாம். கூடினால் உடனே ஊசி. "ஒத்துக்கலைன்னா, இந்தக் கண்ணுக்கு நான் பொறுப்பு சொல்ல முடியாது பாய். வலது கண்ணுல ஏற்கனவே புரை. இதுவும் போனா நீங்க எந்தக் கண்ண வச்சு கஞ்சி காய்ச்சுவீங்க?"

நஸீமா அழத் தொடங்கிவிட்டார். "நோய்க்கு விட்டுக்கலாம் அத்தா. நோன்ப அப்புறம் வச்சுக்கலாம். அல்லாஹ்வுக்குத் தெரியாதா?"

பாய் யாரையும் பார்க்காமல் இருந்தார். எனக்குப் பயம் வந்தது. நல்ல மனிதர்கள் பிடிவாதம் பிடித்தால் அதற்கு மருந்து கிடையாது.

கண்ணுக்கும் தொண்டைக்கும் வழி இருக்கிறது என்பது நாம் முதலாண்டிலேயே படிப்பதுதான். கண்ணீர் மூக்குக்குள் இறங்குகிற சின்னக் குழாய். அதன் வாய் கண்ணின் உள் ஓரத்தில், மூக்கை ஒட்டி இருக்கிறது. சொட்டு போட்டவுடன் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டால் மருந்து கீழே இறங்காது, கண்ணிலேயே நிற்கும். கூட்டம் நெரிகிற நாளில் இதைச் சொல்லித் தர யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அதனால் யாரும் செய்வதுமில்லை.

"பாய், ஒரே ஒரு தடவை எங்கையால போடட்டுமா? கசக்காம போட முடியும்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா, தெரியுமா?"

"நெனைக்கிறேன் பாய்."

பொய் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்திருக்கலாம். அப்படிச் செய்து அது கசந்துவிட்டால் அதன்பின் அவர் யாரையும் நம்பமாட்டார் என்று தோன்றியது. அவர் என்னையே பார்த்தார்.

"இமாம் முறியாதுன்னுட்டாரு. அப்ப கசந்தாலும் நோன்புக்கு ஒண்ணுமில்ல, எம் மனசுக்குத்தான் கஷ்டம்." ஒரு பெருமூச்சு விட்டார். "போடு."

தலையைச் சாய்க்கச் சொல்லி ஒரு சொட்டு விட்டேன். கண்ணை மூடச் சொன்னேன். உள் ஓரத்தில், அறுவை செய்த இடத்தில் படாமல், மூக்கெலும்பின் மேல் விரலை வைத்து அழுத்தினேன். நஸீமா முக்காட்டின் நுனியை வாயில் கடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்தார். வழிந்ததைப் பஞ்சில் ஒற்றிவிட்டு விரலை எடுத்தேன்.

பாய் எச்சிலை விழுங்கினார். சமையல்காரர் ருசி பார்ப்பதுபோல் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் காத்திருந்தார். மறுபடி விழுங்கினார்.

"ஒண்ணுமே இல்ல."

"நெசமாவா அத்தா?"

"ஒண்ணுமே இல்லடி. பச்சத் தண்ணி மாதிரிகூட இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, இத முன்னாடியே சொல்றதுக்கு ஒங்களுக்கெல்லாம் வாய் வலிச்சுதா?"

டாக்டர்தான் முதலில் சிரித்தார்.

அன்று மாலை வரை பாய் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மணிக்கு ஒரு முறை நான் போய்ச் சொட்டு விட்டேன். பிறகு மகளுக்குக் கற்றுக் கொடுத்தேன். அதன் பிறகு பாயே செய்யத் தொடங்கிவிட்டார். பொழுது சாயும்போது டாக்டர் மறுபடி பார்த்தார். குறைந்துவிட்டது என்று சொல்லவில்லை. "கூடல" என்றார். நாம் இருக்கிற தொழிலில் சில நாட்களில் இதைவிட நல்ல சொல் கிடைக்காது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் பாய் எங்கள் கூடத்திலேயே பேரீச்சம்பழம் வைத்து நோன்பு திறந்தார். மறுநாள் காலை வந்தபோது கையால் கண்ணை மறைக்காமல் நடந்து வந்தார். எழுத்துப் பலகையில் இரண்டு வரி திரும்பி வந்திருந்தது. கிருமி இல்லை. நான் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அடுத்த கேள்வி வலது கண். நஸீமா, "பெருநாள் கழிச்சு வச்சுக்கலாம் டாக்டர், பட்ட பாடு போதும்" என்றார். பாய்க்கும் பயம்தான். டாக்டர், "ஒத்தக் கண்ணோட எப்படி இருக்கு?" என்று கேட்டார். பாய் தயங்கிவிட்டு முழங்கையைத் திருப்பிக் காட்டினார். கொதிக்கிற அண்டாவின் விளிம்பு இருக்கிற தூரம் தெரியாமல் கையை ஊன்றப் போய்ச் சுட்டுக்கொண்டிருக்கிறார். மகளுக்கே அது தெரியாது.

குறித்த தேதியில் செய்தால் இடது கண் முழுதாக அடங்கியிருக்காது. பெருநாளுக்குப் பிறகு என்றால் அத்தனை நாளும் நெருப்பின் பக்கத்தில் ஒற்றைக் கண். டாக்டர் இரண்டையும் விட்டார். இடது கண் முழுதாக அடங்கும் வரை பொறுத்திருந்து, அடங்கியதும் மேலும் தள்ளாமல், நோன்பின் கடைசிப் பகுதியிலேயே தேதி கொடுத்தார். பகலில் சொட்டு போடுவது இனி அவருக்குத் தடையில்லை என்பதால்தான் அந்தத் தேதியைக் கொடுக்க முடிந்தது. அதுவரை அண்டாவிலிருந்து பத்தடி தள்ளி நாற்காலி, ஹெல்மெட் கிடையாது என்றும் உத்தரவு போட்டார்.

"அங்கேர்ந்து என்ன பண்றது டாக்டரம்மா?"

"திட்டுங்க."

வலது கண் அறுவை அதிகச் சத்தமில்லாமல் முடிந்தது. மறுநாள் டாக்டர் கருவியிலிருந்து நிமிர்ந்து, "அமைதியா இருக்கு" என்றபோது நஸீமா சுவரில் சாய்ந்துகொண்டார்.

நான் சொல்ல வந்தது இதுதான். இரண்டாவது கண்ணுக்குத் தேதி போடுவதற்கு முன், இரண்டு தேதிகளுக்கும் நடுவில் அந்த மனிதர் எப்படி வாழப் போகிறார் என்று கேளுங்கள். தைப்பூசத்துக்கு மொட்டை போட்டுத் தண்ணீர்மலை ஏறுகிறவரா, தீபாவளிக்கு எண்ணெய் வைத்துத் தலை முழுகாமல் இருக்க மாட்டாரா, சீனப் பெருநாளுக்கு முன் வீட்டுத் தூசி முழுவதையும் தானே தட்டுகிறவரா, ஆடி மாதத்தில் கத்தி படக் கூடாது என்று வீட்டில் சொல்வார்களா. "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். "நாளைக்கு காலைல எழுந்து என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். வரிசையில் காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். அவர்கள் முறை வரும்போது அவர்களும் சொல்ல வேண்டியிருக்கும்.

பெருநாள் முடிந்து கடைசிப் பரிசோதனைக்குப் பாயும் மகளும் வந்தார்கள். இரண்டு கண்ணும் கடைசி வரி வரை படித்தன. டாக்டர் புதுத் தேதி எதுவும் சொல்லவில்லை.

"இனி எப்ப வரணும் டாக்டரம்மா?"

"அவசியமில்ல பாய். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போனா போதும்."

பாயின் முகம் சுருங்கிவிட்டது. "அத்தா, வர வேணாம்னா நல்லதுதானே? அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறீங்க?" என்றார் நஸீமா.

"எங்கிட்ட மரியாதையா பேசுற எடம் இது ஒண்ணுதான். வீட்ல நீ பேசுறதக் கேட்டியா?"

வழியனுப்ப வாசல் வரை போனேன். நம் வாசலில் படிகள் கொஞ்சம் செங்குத்து, தெரியுமல்லவா? நஸீமா பழக்கத்தில் அப்பாவைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. பாய் கைப்பிடியைக்கூடத் தொடாமல் மளமளவென்று இறங்கி, மகளின் கார் நின்ற பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கமாகக் கூட்டத்துக்குள் புகுந்து, விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார்.

"அத்தா!" என்று மகள் படி மேலிருந்து கத்தினார். "கெரெத்தா இந்தப் பக்கம்லா!"